தினமும் வேலைக்குப் போயும் வீட்டில் வறுமை ஏன்? 1899-லேயே கணக்குப் போட்டுக் காட்டிய சாக்லேட் கம்பெனி வாரிசு

கிட்கேட் சாப்பிடாதவர்கள் குறைவு. இப்போது நெஸ்லே பெயரில் விற்கும் இந்த சாக்லேட்டை 1935-ல் முதன்முதலில் கொண்டுவந்தது, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் இருந்த ரவுன்ட்ரீ கம்பெனி. அன்று அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பெஞ்சமின் சீபோம் ரவுன்ட்ரீ. ஆனால், பொருளாதாரமும் சமூகவியலும் படிப்பவர்கள் இவர் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது சாக்லேட்டுக்காக இல்லை. ஒரு சின்னத் தொகைக்காக. வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ்.

ஒரு அப்பா, ஒரு அம்மா, மூன்று குழந்தைகள். இந்த ஐந்து பேரும் உடம்பில் தெம்போடு இருக்க, ஒரு வாரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தேவை என்று 1899-ல் அவர் கணக்குப் போட்டார். அப்போது யார்க்கில் தொழில் பயிற்சி இல்லாத ஒரு கூலித் தொழிலாளியின் வாரச் சம்பளம் 18 முதல் 21 ஷில்லிங். அவ்ளோதான். ஒருநாள்கூட லீவு போடாமல், குடிக்காமல், சூதாடாமல் உழைத்தாலும் அந்த வீட்டில் பற்றாக்குறை நிச்சயம்.

உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்த நாட்டில் இப்படி ஒரு கணக்கு. அது எப்படி வந்தது, யார் கோபப்பட்டார்கள், பிறகு என்ன ஆனது?

யார் இந்த ரவுன்ட்ரீ?

1871 ஜூலை 7-ல் யார்க்கில் பிறந்தவர். அப்பா ஜோசப் ரவுன்ட்ரீ, கோகோ கம்பெனி முதலாளி. குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எளிமையாக வாழ வேண்டும், மதுவைத் தொடக் கூடாது என்பதில் குவேக்கர்கள் கறார். பிரிட்டனின் பெரிய சாக்லேட் கம்பெனிகளான கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ மூன்றுமே குவேக்கர் குடும்பங்கள் நடத்தியவை. மதுவுக்குப் பதிலாகக் குடிக்க கோகோ நல்ல பானம் என்று அவர்கள் நினைத்ததற்கும் இதில் பங்கு உண்டு.

மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு 1889-ல் குடும்பத் தொழிலுக்கு வந்தார் சீபோம். கம்பெனிக்கு ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளிகளுக்கான முதியோர் பள்ளியில் பாடம் நடத்தினார். வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர்களுடன் உட்கார்ந்து பேசிய பழக்கம் அங்கேதான் ஆரம்பம். 1895-ல் நியூகாஸில் நகரத்தின் குடிசைப் பகுதிகளை நேரில் பார்த்தது அவரை ரொம்பவே பாதித்தது.

அதே காலத்தில் லண்டனில் சார்ல்ஸ் பூத் என்ற கப்பல் கம்பெனி முதலாளி ஒரு பிரம்மாண்டமான ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். லண்டன்வாசிகளில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. லண்டன் பெரிய ஊர், அங்கே எல்லா விதமான ஆட்களும் வந்து சேர்வார்கள், அதனால் அப்படித்தான் இருக்கும் என்று பலரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சரி, ஒரு சாதாரண ஊரில் நிலைமை எப்படி? யார்க்கின் மக்கள்தொகை அப்போது சுமார் 75,000. பெரிய தேவாலயம், ரயில்வே பணிமனை, சாக்லேட் ஃபேக்டரி. சம்பளமும் வேலையும் நாட்டின் சராசரியை ஒட்டியே இருந்த ஊர். அதையே எடுத்துக்கொண்டார் ரவுன்ட்ரீ. வயது 28.

388 தெரு, 11,560 குடும்பம்

பூத் பெரும்பாலும் பள்ளி அதிகாரிகள் சொன்ன தகவலை நம்பியிருந்தார். ரவுன்ட்ரீ வீடு வீடாகவே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். ஆய்வாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, உதவிக்குத் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டார். யார்க்கில் வேலைக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத அத்தனை தொழிலாளர் குடும்பங்களும் நோட்டுப் புத்தகத்தில் ஏறின. 388 தெருக்கள், 11,560 குடும்பங்கள், 46,754 பேர். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை எவ்வளவு, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்குப் பொது, கழிப்பறை எத்தனை வீட்டுக்குப் பொது என்று எல்லாம் பதிவானது. சாம்பிள் எடுக்கும் முறையெல்லாம் அப்போது பழக்கத்துக்கு வரவில்லை. அதனால் ஊர் முழுக்க எண்ணிவிட்டார்கள்.

சம்பளத்தை மட்டும் வீட்டில் கேட்டு நம்பிவிடவில்லை. பெரும்பாலும் முதலாளிகளிடமிருந்தே தகவல் வாங்கினார். முதலாளியின் மகனாக இருந்ததில் ஒரு வசதி இது. ஊரின் பெரிய முதலாளிகளில் ஒருவர் அவருடைய அப்பாதானே.

அந்த 21 ஷில்லிங் 8 பென்ஸில் என்னென்ன இருந்தது?

பழைய பிரிட்டிஷ் பணத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ரவுன்ட்ரீயின் கணக்கு இப்படிப் போகிறது: சாப்பாட்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகைக்கு 4 ஷில்லிங். துணிமணி, செருப்புக்கு 2 ஷில்லிங் 3 பென்ஸ். விறகு, நிலக்கரிக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ். சோப்பு, விளக்கு, பாத்திரம் என மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 பென்ஸ்.

வேதியியல் படித்தவர் இல்லையா, சாப்பாட்டுக் கணக்கையும் அப்படித்தான் போட்டார். உழைக்கும் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,500 கலோரி வேண்டும் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆட்வாட்டரின் ஆய்வை எடுத்துக்கொண்டு, அந்தச் சக்தியை யார்க் கடைகளில் மிக மலிவாக எப்படி வாங்கலாம் என்று பார்த்தார். ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, ஆடை நீக்கிய பால், சீஸ், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பேக்கன். கசாப்புக் கடை இறைச்சிக்கு இடமே இல்லை. அரசு நடத்திய ஏழைகள் விடுதியில் கொடுத்த சாப்பாட்டைவிட இது மட்டம்!

எதெல்லாம் கணக்கில் இல்லை என்பதையும் அவர் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். பஸ், ரயில் பயணம் கிடையாது. எங்கே போனாலும் நடைதான். செய்தித்தாள் வாங்க முடியாது. ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக்கூட முடியாது, தபால்தலைக்குக் காசு இல்லை. தேவாலயத்துக்குக் காணிக்கை இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி இல்லை, சேமிப்பு இல்லை, தொழிற்சங்க சந்தா இல்லை. குழந்தைக்குப் பொம்மை இல்லை. அப்பாவுக்குப் புகையிலையும் பீரும் இல்லை. இதில் எதையாவது ஒன்றைச் செய்தால் அந்தக் காசு சாப்பாட்டிலிருந்துதான் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனமான கோடு? இங்கேதான் அவருடைய சாமர்த்தியம். ஏழைகள் ஏழையாக இருப்பதற்குக் காரணம் குடி, ஊதாரித்தனம், சோம்பேறித்தனம் என்பது அன்றைய மேல்தட்டின் பொதுவான நம்பிக்கை. அதனால், ஒரு பைசாகூட வீணாக்காத ஒரு கற்பனைக் குடும்பத்தை ரவுன்ட்ரீ எடுத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்கே வருமானம் போதாது என்று காட்டிவிட்டால், குடியைக் காரணம் சொல்ல வழி இருக்காது. இப்படி வருமானமே போதாத நிலைக்கு முதல்நிலை வறுமை என்று பெயர் வைத்தார். வருமானம் எப்படியோ போதுமானதாக இருந்தும், தேவையானதுக்கோ தேவையில்லாததுக்கோ வேறு செலவு வந்து வறுமையில் கிடப்பது இரண்டாம் நிலை வறுமை.

முடிவு என்ன சொன்னது?

1901-ல் புத்தகம் வெளியானது. யார்க்கில் முதல்நிலை வறுமையில் 7,230 பேர். இரண்டாம் நிலையில் 13,072 பேர். மொத்தம் 20,302. அதாவது ஊரின் மக்கள்தொகையில் 27.84 சதவீதம். லண்டன் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. லண்டன் மட்டும்தான் மோசம் என்ற சமாதானம் அத்தோடு முடிந்தது.

அந்த மொத்தத்தைவிட முக்கியமானது, காரணங்களின் பட்டியல். முதல்நிலை வறுமையில் இருந்தவர்களில் வேலையே இல்லாததால் அந்த நிலைக்கு வந்தவர்கள் வெறும் 2.31 சதவீதம். நிரந்தரம் இல்லாத வேலையால் 2.83. நோய், முதுமையால் 5.11. சம்பாதிப்பவர் இறந்துபோனதால் 15.63. நான்குக்கு மேல் குழந்தைகள் இருந்ததால் 22.16. மீதி 51.96 சதவீதம் பேரின் வீட்டில் சம்பாதிப்பவர் ஒழுங்காக, தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சம்பளம்தான் போதவில்லை.

பாதிக்கும் மேலே! வேலை கிடைத்தால் வறுமை போய்விடும் என்று இன்றும் சொல்லப்படும் சூத்திரத்தை இந்த ஒரு எண் அன்றே சந்தேகத்துக்குள்ளாக்கியது.

வறுமை உடம்பில் எப்படித் தெரிந்தது என்பதையும் அளந்தார்கள். யார்க்கின் மிக ஏழைப் பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளில் 247 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். வேலைக்காரர் வைத்திருந்த வசதியான வீடுகளில் அது 94. உயிர் பிழைத்தவர்களிலும் வித்தியாசம் இருந்தது. 13 வயதில் ஏழைப் பகுதிப் பையன்கள், ஓரளவு நல்ல சம்பளம் வாங்கிய தொழிலாளர் வீட்டுப் பையன்களைவிட சராசரியாக மூன்றரை அங்குலம் குட்டையாக இருந்தார்கள்.

ஒரே வாழ்க்கை, மூன்று முறை வறுமை

இன்னொரு விஷயத்தையும் ரவுன்ட்ரீ கவனித்தார். ஏழை என்பவர் எப்போதும் ஒரே ஆள் கிடையாது. ஒரு தொழிலாளி குழந்தையாக இருக்கும்போது, தன்னோடு பிறந்தவர்கள் சம்பாதிக்கத் தொடங்கும்வரை வறுமை. பிறகு தானே வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, இரண்டு மூன்று குழந்தை பிறக்கும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். அதன்பின் மூத்த பிள்ளை 14 வயதாகி வேலைக்குப் போகும்வரை மறுபடி வறுமை. பிள்ளைகள் சம்பாதிக்கும் சில வருடம் நல்ல காலம். அவர்கள் கல்யாணமாகிப் போய்விட்டால், தன் உடம்பிலும் தெம்பு குறைந்துவிட்டால் மூன்றாவது வறுமை.

ஆகவே, ஒருநாள் போய் எண்ணினால் 27.84 சதவீதம்தான் கிடைக்கும். வாழ்நாளில் ஒருமுறையாவது அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துபோனவர்களை எண்ணினால் அது இன்னும் எவ்வளவோ அதிகம். பெண்களுக்கு இதில் கூடுதல் அடி. பிள்ளை பெறும் வருடங்கள் அப்படியே அந்த இரண்டாவது வறுமைக் காலத்தில் விழுந்தன. அதுவும் வீட்டில் சாப்பாடு பற்றாதபோது முதலில் தன் தட்டைக் குறைத்துக்கொள்பவர் அம்மாதான்.

யாருக்கெல்லாம் பிடிக்கவில்லை?

ஏழைகளுக்கு உதவி கொடுப்பதில் கறாராக இருந்த அறக்கட்டளை அமைப்பு ஒன்றின் முக்கியப் பிரமுகர் ஹெலன் போசன்கே. ரவுன்ட்ரீ தேவையைக் கூட்டிப் போட்டுவிட்டார், வறுமையைப் பெரிதாக்கிக் காட்டுகிறார் என்று அவர் எழுதினார். தபால்தலைக்குக்கூட இடமில்லாத கணக்கை அதிகம் என்று சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறு ஒரு விமர்சனத்தில் நியாயம் இருந்தது. இரண்டாம் நிலை வறுமையை எப்படி அளந்தார்கள்? ஆய்வாளர் வீட்டைப் பார்த்தார், குழந்தைகளின் முகத்தைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார், குறித்துக்கொண்டார். அதில் ஊகம் அதிகம். 13,072 என்ற அந்தத் துல்லியமான எண்ணுக்குப் பின்னால் இருந்தது கண்பார்வை மதிப்பீடுதான். பிற்காலத்தில் ரவுன்ட்ரீயே இந்த வகையைக் கைவிட்டார்.

இளம் எம்.பி.யாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் புத்தகத்தைப் படித்து அதிர்ந்துபோனார். அப்போது அவர் கன்சர்வேட்டிவ் கட்சி. 1904-ல் லிபரல் கட்சிக்குத் தாவினார். அதற்கு வேறு காரணங்கள் இருந்தன, ஆனாலும் பிறகு அமைச்சராகி, சம்பளம் மிகக் குறைவாக இருந்த சில தொழில்களில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க 1909-ல் வாரியங்கள் அமைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

புத்தகம் சட்டமாக ஆன கதை

1906-ல் லிபரல் கட்சி பெரும் வெற்றி பெற்றது. லாய்ட் ஜார்ஜுக்கும் ரவுன்ட்ரீக்கும் நெருக்கம் வளர்ந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு உள்ளாட்சிகள் உணவு தரலாம் என்று 1906-ல் சட்டம். 70 வயது ஆனவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம், 1908-ல். நோய்க்கும் வேலையின்மைக்கும் காப்பீடு, 1911-ல். ரவுன்ட்ரீயின் புத்தகம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கங்கள் இருந்தன, புதிதாக லேபர் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பேச எழுந்தவர்கள் கையில் அவருடைய எண்கள் இருந்தன.

அடுத்து கிராமப்புறத்துக்குப் போனார். மே கெண்டலுடன் சேர்ந்து 1913-ல் விவசாயக் கூலிகளின் வீட்டு வரவுசெலவை எழுதினார். இங்கிலாந்தில் வடபகுதியின் ஐந்து கவுன்டிகளைத் தவிர வேறு எங்கும் விவசாயக் கூலியின் சராசரி வருமானம் வறுமைக் கோட்டைத் தொடவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917-ல், விவசாயத்துக்கு வாரம் 25 ஷில்லிங் குறைந்தபட்சக் கூலி சட்டமானது.

1918-ல் எல்லாத் தொழிலுக்கும் ஒரு தொகை சொன்னார். ஆணுக்கு வாரம் 44 ஷில்லிங், பெண்ணுக்கு 25. ஆண் என்றால் அவனை நம்பி மனைவியும் மூன்று குழந்தைகளும் இருப்பார்கள், பெண் என்றால் தனி ஆள் என்பது அவர் போட்ட கணக்கு. இதை விடாமல் எதிர்த்தவர் எலனோர் ராத்போன். நிறைய ஆண்களுக்குக் குழந்தையே இல்லை, சிலருக்கு மூன்றுக்கு மேல் இருக்கிறது, அப்படியிருக்க எல்லோருக்கும் ஒரே குடும்பச் சம்பளம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். குழந்தைகளுக்கான பணத்தை அரசு நேரடியாக அம்மா கையில் கொடுக்கட்டும் என்றார். ராத்போனின் கேள்விதான் சரி என்று பிற்காலம் காட்டியது. பெண் தொழிலாளர்களைப் பற்றி ரவுன்ட்ரீயே 1921-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 12 சதவீதம் பேரை நம்பி வேறு ஆட்கள் வாழ்ந்தது தெரிந்தது. மூன்றுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்கு அரசு உதவி தரலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

சொந்த ஃபேக்டரியில்?

ஊருக்கு உபதேசமா என்ற கேள்வி வரும். ரவுன்ட்ரீ ஃபேக்டரியில் எட்டு மணி நேர வேலை 1896-லேயே வந்துவிட்டது. 1906-ல் ஓய்வூதியத் திட்டம், 1919-ல் வாரம் ஐந்து நாள் வேலை, 1923-ல் லாபத்தில் பங்கு. ஊருக்கு வெளியே நியூ இயர்ஸ்விக் என்ற இடத்தில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டினார் அப்பா ஜோசப்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டிஷ் சாக்லேட்டுக்கான கோகோ நிறைய வந்தது, ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து. அங்கே தோட்டங்களில் உழைத்தவர்கள் பெயருக்குத்தான் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிலைமை அடிமைகளுடையது. கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ மூன்று கம்பெனிகளும் சேர்ந்து அந்தக் கோகோவை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது 1909-ல். விஷயம் தெரிய ஆரம்பித்துப் பல வருடம் கழித்து. யார்க்கின் 388 தெருக்களைக் கணக்கெடுத்த அந்த நோட்டில், கோகோ பறித்தவர்களுக்கு வரி இல்லை.

செய்தித்தாளுக்கும் பீருக்கும் இடம்

1936-ல், 65 வயதில், மறுபடியும் யார்க் முழுக்க கணக்கெடுத்தார் ரவுன்ட்ரீ. இந்த முறை கோடு வேறு. ஐந்து பேர் குடும்பத்துக்கு வாடகை உட்பட வாரம் 53 ஷில்லிங். அதில் செய்தித்தாள் இருந்தது. ரேடியோ, தபால்தலை, பரிசுப் பொருள், புகையிலை, பீர் எல்லாமே இருந்தது. மதுவைத் தொடாத குவேக்கர், தொழிலாளியின் பீரைத் தேவைகளின் பட்டியலில் சேர்த்தார்! 1899-ல் போட்டது வாதத்துக்கான கோடுதான், மனிதர்கள் வாழ்வதற்கான கோடு இல்லை என்பது இதிலிருந்தே தெளிவு. அந்தப் பழைய கோட்டையே அவருடைய சிபாரிசு என்று நினைத்து இன்றும் அவரைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

புதிய கோட்டின்படி யார்க்கின் தொழிலாளர் வர்க்கத்தில் 31.1 சதவீதம் பேர் வறுமையில். பழைய கறார் கோட்டை வைத்துப் பார்த்தால் 15.46-லிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது, நிலைமை மேம்பட்டது உண்மை. போதாது என்பதும் உண்மை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நலத்திட்டங்களின் வரைவைத் தயாரித்த வில்லியம் பெவரிட்ஜ், உதவித்தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ரவுன்ட்ரீயிடம் ஆலோசனை கேட்டார். 1945-ல் குழந்தைகளுக்கான உதவித்தொகைச் சட்டம் நிறைவேறியது. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் 5 ஷில்லிங். முதல் பணம் கைக்கு வந்தது 1946 ஆகஸ்டில். அதற்காக 30 வருடம் போராடிய ராத்போன் அதே வருடம் ஜனவரியில் இறந்துபோயிருந்தார்.

மூன்றாவது கணக்கெடுப்பு 1950-ல். தொழிலாளர் வர்க்கத்தில் வெறும் 2.77 சதவீதம் பேர்தான் வறுமையில் என்றது, லேவர்ஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட அந்தப் புத்தகம். வறுமை ஒழிந்துவிட்டது என்று பிரிட்டனில் பலர் நிம்மதியானார்கள். முந்தைய இரண்டைவிட அவசரமாகச் செய்யப்பட்ட ஆய்வு அது. பிற்காலத்தில் பொருளாதார அறிஞர் அட்கின்சனும் மற்றவர்களும் அதன் மூலத் தாள்களைத் தேடி எடுத்து மறுபடி கணக்கிட்டு, முடிவு ரொம்பவே நம்பிக்கையாக எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அதையெல்லாம் கேட்க ரவுன்ட்ரீ இல்லை. 1954 அக்டோபர் 7-ல் 83 வயதில் காலமானார். 1965-ல் ஏபல்-ஸ்மித், டவுன்சென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரசின் குடும்பச் செலவுக் கணக்குகளைப் புரட்டியபோது, முழுநேர வேலை பார்ப்பவர்களின் வீடுகளிலேயே வறுமை பெருமளவு இருந்தது தெரியவந்தது.

பிரிட்டனில் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது 1999 ஏப்ரல் 1-ல். மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ். யார்க்கில் அந்த நோட்டுப் புத்தகங்கள் நிரம்பி சரியாக 100 வருடம் ஆகியிருந்தது. ஜோசப் ரவுன்ட்ரீ 1904-ல் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்றும் யார்க்கிலிருந்தே பிரிட்டனின் வறுமையை அளந்து வருகிறது. இப்போது அங்கே வறுமையில் வாழும் 10 குழந்தைகளில் சுமார் 7 பேரின் வீட்டில் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போகிறார்கள்.